பந்திவஞ்சனையும் பணி விதியும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பந்திவஞ்சனை என்றொரு பழஞ்சொல் தமிழில் உண்டு. விருந்தில் வரிசையாக அமர்ந்திருப்போரில் ஒருவருக்கு நெய்யும் அடுத்தவருக்கு நெய்யின் மணமும் என்று பரிமாறுவதற்கு அந்தப் பெயர். ஓரவஞ்சனை, பாரபட்சம் என்று வேறு சொற்களும் இருக்கின்றன. இன்று சட்ட நூல்களிலும் செய்தித்தாள்களிலும் பாகுபாடு என்ற சொல் நிலைபெற்றுவிட்டது. அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் பாகுபாடு என்பது பிரித்தலை மட்டுமே சொல்கிறது. பந்திவஞ்சனை பிரித்தலோடு அதிலுள்ள வஞ்சனையையும் சேர்த்துச் சொல்கிறது. இன்னொரு வேறுபாடும் உண்டு. பந்தியில் பக்கத்து இலை கண்ணுக்குத் தெரியும். அலுவலகத்தில் அது தெரிவதில்லை. பக்கத்து மேசைக்காரரின் சம்பளம் இவருக்குத் தெரியாது. பதவி உயர்வுக் குழு மூடிய கதவுக்குள் கூடுகிறது. பணி விதிகள் அலமாரியில் உறங்குகின்றன. வஞ்சனை நடந்தது என்று அறிவதற்கே அங்கே பல ஆண்டுகள் பிடிக்கின்றன.

இலக்கிய வட்டத்தின் விழாவில் வேலை செய்வோரின் உரிமை வழக்குகளுக்கு என்ன இடம் என்று இங்கே சிலர் நினைக்கக்கூடும். இந்த வழக்குகளின் தீர்ப்புகளைப் பொறுமையோடு படித்துப் பார்ப்பவருக்கு ஒன்று புலப்படும். அவற்றுள் முக்கியமானவை ஒரு சொல்லையோ ஒரு தொடரையோ சுற்றி நடந்த போராட்டங்கள். ஒரு விதியின் வாக்கியத்தை எவரோ ஒருவர் ஊன்றிப் படித்திருக்கிறார். அதில் தம் வாழ்க்கை எந்த எழுத்தில் சிக்கியிருக்கிறது என்று கண்டுபிடித்திருக்கிறார். அதன் பிறகே மனு எழுதியிருக்கிறார். சொல்லை ஊன்றிப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு அந்த வாசிப்பு அயலானதாக இருக்க முடியாது.

சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்த ஒரு பெண்ணிடமிருந்து தொடங்கலாம். சி. பி. முத்தம்மா குடகு நாட்டில் விராஜ்பேட்டையில் 1924இல் பிறந்தவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியிலும் பிறகு மாநிலக் கல்லூரியிலும் படித்து, 1948இல் குடிமைப் பணித் தேர்வில் வென்று, 1949இல் வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். தேர்வெழுதி அந்தப் பணிக்கு வந்த முதல் இந்தியப் பெண் அவரே. நேர்முகத் தேர்வில் இருந்தவர்கள் வெளியுறவுப் பணி வேண்டாம் என்று அவர் மனத்தைத் திருப்ப முயன்றதாக அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். சேரும்போது, திருமணம் செய்துகொண்டால் வேலையை விட்டு விலகிவிடுவதாக அவரிடம் ஓர் உறுதிமொழி வாங்கப்பட்டது. சுதந்திரம் வந்து இரண்டே ஆண்டுகள். அரசியல் சட்டம் அப்போது எழுதி முடியும் தறுவாயில் இருந்தது. சமத்துவத்தைப் பற்றிய பிரிவுகளை ஒரு மண்டபத்தில் எழுதிக்கொண்டிருந்த அதே ஊரில், இன்னொரு கட்டடத்தில் இந்த உறுதிமொழிக் காகிதம் நீட்டப்பட்டது.

அந்தக் காகிதம் 1961இல் விதியாகவே அச்சேறியது. வெளியுறவுப் பணியின் நடத்தை விதிகளில் 8ஆம் விதியின் இரண்டாம் உட்பிரிவு, பணியிலுள்ள பெண் திருமணத்துக்கு முன் அரசின் எழுத்து மூலமான அனுமதியைப் பெற வேண்டும் என்றது. திருமணத்துக்குப் பிறகும் அவளை விடவில்லை. குடும்பக் கடமைகளும் இல்லக் கடமைகளும் அவளுடைய வேலைக்குக் குறுக்கே வரக்கூடும் என்று அரசு மனநிறைவு கொண்டால், எந்த நேரத்திலும் பதவி விலகுமாறு அவளைக் கேட்கலாம். இந்த வாக்கியத்தில் இரண்டு இடங்களைக் கவனிக்க வேண்டும். குறுக்கே வந்தால் என்று விதி சொல்லவில்லை. வரக்கூடும் என்று சொல்கிறது. அதாவது அவள் வேலையில் பிழை செய்திருக்க வேண்டியதில்லை. பிழை செய்வாள் என்று இன்னொருவர் எண்ணினால் போதும். அடுத்து, பணிநீக்கம் என்ற சொல்லை விதி தொடவே இல்லை. விலகுமாறு கேட்கலாம் என்கிறது. பணிநீக்கம் என்றால் காரணம் காட்ட வேண்டும், விசாரணை வைக்க வேண்டும். விலகச் சொன்னால் அந்தத் தொல்லை இல்லை. அவளே போனாள் என்று கோப்பை மூடிவிடலாம். இதற்கு இணையாக இன்னொரு விதித் தொகுப்பில், மணமான பெண் எவரும் இப்பணியில் நியமனம் பெறுவதை உரிமையாகக் கோர இயலாது என்றும் எழுதி வைத்திருந்தார்கள்.

முத்தம்மா மணம் செய்துகொள்ளவில்லை. முப்பது ஆண்டுகள் பணியாற்றினார். 1970இல் ஹங்கேரி நாட்டுக்குத் தூதரானார். ஆனால் முதல் நிலைப் பதவி உயர்வு வந்தபோது அவரைத் தாண்டிக்கொண்டு இளையவர்கள் மேலே போனார்கள். பணியில் இருந்துகொண்டே அரசின் மீது உச்ச நீதிமன்றத்தில் மனுப் போட்டார். தமக்கு மறுக்கப்பட்ட பதவியைப் பற்றி மட்டும் அவர் எழுதியிருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. திருமணம் பற்றிய அந்த விதிகளையும் மனுவில் சேர்த்தார். தம்மை நேரடியாக ஒருபோதும் தீண்டாத விதிகள் அவை. ஆனால் தம்மைத் தாண்டிச் சென்ற கைகளுக்கு அந்த விதிகளை எழுதிய மனமே வழிகாட்டியது என்று அவர் கண்டுகொண்டார். அந்தக் கண்டறிதலே வழக்கின் உயிர் என்று சொல்ல வேண்டும்.

1979 செப்டம்பர் 17 அன்று தீர்ப்பு வந்தது. எழுதியவர் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர், பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய ஆங்கிலம் அகராதியைக் கையில் எடுக்க வைக்கும் ஆங்கிலம்; சில நேரம் அளவுக்கு மிஞ்சிய ஆங்கிலம். ஆனால் இந்தத் தீர்ப்பில் அவர் கேட்ட கேள்வி மிக எளிமையானது. பெண்ணுக்குக் குடும்பக் கடமை வேலைக்கு இடையூறு என்றால், ஆணுக்கும் அதே இடையூறு நேரக்கூடாதா? ஆண் அதிகாரிக்கு வீடு இல்லையா, மனைவி மக்கள் இல்லையா? 14, 16 ஆகிய பிரிவுகள் மெய்யா கட்டுக்கதையா என்று ஐயுற வைக்கும் வழக்கு இது என்றும் அவர் குறிப்பிட்டார்.

முடிவு என்னவாயிற்று? மனு தள்ளுபடியாயிற்று! வழக்குப் போட்ட சில மாதங்களுக்குள் முத்தம்மாவுக்குப் பதவி உயர்வு தரப்பட்டுவிட்டது. நியமன விதி முன்னரே நீக்கப்பட்டிருந்தது; திருமண விதியையும் நீக்கப் போவதாக அரசு சொன்னது. எனவே தீர்த்து வைக்க எதுவும் மிஞ்சவில்லை என்று மன்றம் மனுவை முடித்தது. முடிக்கும்போது இரண்டு செய்தது: இளையவர்கள் முந்திப் போன அந்தச் சில மாதங்களைக் கருத்தில் கொண்டு முத்தம்மாவின் பணிமூப்பை மறுபடி பார்க்கச் சொன்னது, எல்லாப் பணி விதிகளிலும் படிந்துள்ள இவ்வகைக் கறையை வழக்குகளுக்குக் காத்திராமல் அரசே துடைக்க வேண்டும் என்றது. தள்ளுபடி என்ற முத்திரையோடு வெளியே வந்த அந்தத் தாள், வென்ற பல தீர்ப்புகளைக் காட்டிலும் அதிகமாக எடுத்தாளப்படுகிறது. பக்கத்து இலைக்குப் பாயசம் கேட்பது என்று ஒரு பேச்சு வழக்கு உண்டு; கேட்பவருக்கு உண்மையில் வேண்டியது தம் இலைக்கே. முத்தம்மா தம் இலைக்குக் கேட்டார். பரிமாறல் பின்னால் வந்த வரிசைக்கெல்லாம் நடந்தது.

இதே தீர்ப்பில் ஒரு கதவு திறந்தே விடப்பட்டது என்பதையும் மறைக்கக்கூடாது. எல்லா வேலையிலும் எல்லா நிலையிலும் ஆணும் பெண்ணும் சமம் என்று பொதுவிதி வகுக்கவில்லை என்றும், சில வேலைகளின் தன்மை வேறுபாட்டை வேண்டலாம் என்றும் கிருஷ்ணய்யர் எழுதினார். அந்தக் கதவு வழியே பிறகு யார் நுழையக்கூடும் என்பதை அவர் எண்ணியிருக்கமாட்டார்.

இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு வழக்கு வந்தது. ஏர் இந்தியாவுக்கும் நர்கேஷ் மீர்சா என்ற விமானப் பணிப்பெண்ணுக்கும் அவர்தம் தோழியருக்கும் இடையிலான வழக்கு என்று சட்ட நூல்கள் அதைக் குறிக்கும். அப்போது ஏர் இந்தியா அரசு நிறுவனம். அதன் 46ஆம் விதி முதலில் ஊழியர் அனைவரும் 58 வயதில் ஓய்வு பெறுவர் என்று தாராளமாகத் தொடங்குகிறது. பிறகு விலக்குகள் வருகின்றன. விமானப் பணிப்பெண் அந்த விலக்குகளுக்குள் நிற்கிறாள். அவள் 35 வயது நிறைந்தாலோ, பணியில் சேர்ந்து நான்கு ஆண்டுகளுக்குள் திருமணம் செய்துகொண்டாலோ, முதல் முறை கருவுற்றாலோ, இவற்றுள் எது முந்துகிறதோ அப்போது ஓய்வு பெறுவாள்.

எது முந்துகிறதோ! ஒப்பந்தப் பத்திரங்களில் தினமும் காணும் சாதாரணத் தொடர் இது. வண்டிக்கு உத்தரவாதம் தரும்போது இத்தனை மாதம் அல்லது இத்தனை மைல், எது முந்துகிறதோ அதுவரை என்று எழுதுவார்கள். ஒரு பெண்ணின் வயதையும் திருமணத்தையும் தாய்மையையும் அதே வரிசையில் நிறுத்திப் பந்தயம் விட்டிருக்கிறது இந்த விதி. எழுதியவருக்குத் தாம் என்ன எழுதுகிறோம் என்பது உறைத்திராது. உறைத்திருந்தால் கை நடுங்கியிருக்கும். 35க்கு மேல் ஆண்டுக்கு ஓர் ஆண்டாக 45 வரை நீட்டித்துக் கொடுக்கலாம் என்று 47ஆம் விதி கருணை காட்டியது. அதுவும் நிர்வாக இயக்குநரின் விருப்பப்படி. ஒரே விமானத்தில் ஒரே உணவுத் தள்ளுவண்டியைப் பிடித்துச் சென்ற ஆண் பணியாளருக்கு 58 வயது வரை யாருடைய விருப்பமும் தேவைப்படவில்லை.

1981 ஆகஸ்டு 28 அன்று மூவர் அமர்வு தீர்ப்பளித்தது. எழுதியவர் நீதிபதி முர்தசா ஃபசல் அலி. உடனிருந்த இருவரில் ஒருவர் தமிழகத்தைச் சேர்ந்த நீதிபதி ஏ. வரதராஜன், பட்டியல் சாதியினரிலிருந்து உச்ச நீதிமன்றத்துக்கு உயர்ந்த முதல்வர். கருவுற்றால் வேலை போகும் என்ற விதியை மன்றம் கடுஞ்சொற்களால் சாடி வெட்டி எறிந்தது. அது கொடுமை என்றது. இந்தியப் பெண்மைக்கே செய்யும் அவமதிப்பு என்றது. நிர்வாக இயக்குநரின் விருப்பம் என்ற கட்டற்ற அதிகாரத்தையும் நீக்கியது. பயணிகளைச் சமாளிக்க இளமையும் கவர்ச்சியும் வேண்டும் என்ற வாதத்தை வெறும் ஊகம் என்று ஒதுக்கியது. இதுவரை கேட்டவர்கள் கைதட்டத் தயாராகலாம். கொஞ்சம் பொறுக்க வேண்டும். நான்கு ஆண்டுகளுக்குள் திருமணம் செய்தால் வேலை இல்லை என்ற விதியை அதே மன்றம் நியாயமானது என்று ஏற்றுக்கொண்டது. பெண் முதிர்ந்த வயதில் மணம் செய்வது அவள் உடல்நலத்துக்கும் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்துக்கும் நல்லது என்று அதற்குக் காரணமும் கண்டது. ஆணும் பெண்ணும் வெவ்வேறு பணிப் பிரிவினர் என்பதால் அவர்களை ஒப்பிடவே முடியாது என்றும் கூறிவிட்டது. மூன்றாவது முறை கருவுற்றால் பணியை முடிக்கலாம் என்று விதியைத் திருத்துவதிலும் அதற்கு மறுப்பில்லை.

ஏன் இப்படி? தீர்ப்பை மறுபடி படித்தால் அதன் உணர்ச்சி எங்கே பொங்குகிறது, எங்கே அடங்குகிறது என்பது தெரியும். தாய்மை புண்பட்ட இடத்தில் பொங்குகிறது. ஒரு பெண் தன் இருபத்து மூன்றாம் வயதில் யாரை எப்போது மணப்பது என்று தானே முடிவு செய்யும் இடத்தில் அடங்கிவிடுகிறது. போற்றத்தக்க பெண்மைக்கு இழுக்கு வந்தால் மன்றம் வாளெடுத்தது. போற்றுவதற்கு எதுவும் இல்லாத, வெறும் சொந்த விருப்பத்துக்கு இழுக்கு வந்தபோது கணக்குப் புத்தகத்தை எடுத்தது. கவிஞர்கள் நிறைந்த இந்த அவையில் இதைச் சொல்வது சற்றுச் சங்கடம்தான். பெண்ணைத் தாயென்றும் சக்தியென்றும் நிலவென்றும் பாடிக் குவித்த மொழி நம்முடையது. இந்தப் புகழ்ச்சி பொய்யென்று எவரும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பீடத்தில் ஏற்றி வைத்த சிலைக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. 1981ஆம் ஆண்டின் அந்தத் தீர்ப்பு, பெண்மைக்கு மரியாதை செய்தபடியே பெண்ணின் வழக்கைப் பாதியில் கைவிட்டது எப்படி என்பதற்கு ஒரு பாடமாகவே இருக்கிறது.

அந்த வழக்கின் முடிச்சு இன்னொரு சிறு சொல்லில் இருக்கிறது. மதம், இனம், சாதி, பால், மரபு, பிறப்பிடம், வசிப்பிடம் ஆகியவற்றின் காரணமாக மட்டும் எந்தக் குடிமகனையும் அரசுப் பணியில் பாகுபடுத்தக்கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 16ஆம் பிரிவு. மட்டும் என்ற சொல்லை மன்றம் பிடித்துக்கொண்டது. பெண் என்பதற்காக மட்டும் வேறுபடுத்தினால் குற்றம். பெண் என்பதோடு வேறு காரணங்களும் சேர்ந்தால் குற்றமில்லை என்று அதற்குப் பொருள் கண்டது. இப்படிப் பொருள் கொண்டால் எந்த வஞ்சனையும் தப்பித்துவிடும். பெண் என்பதற்காக மட்டும் என்று எந்த முதலாளி எழுதிக் கொடுப்பார்? பெண், ஆகவே பிள்ளை பெறுவாள், ஆகவே விடுப்பு எடுப்பாள், ஆகவே செலவு என்று ஒரு சங்கிலியைக் கோத்துக் காட்டுவார். சங்கிலியின் முதல் வளையம் எது என்று கேட்க வேண்டியிருந்தது. 2018இல் தன்பாலின உறவாளர்களின் உரிமை பற்றிய வழக்கில் நீதிபதி சந்திரசூட் 1981ஆம் ஆண்டின் அந்த வாசிப்பைக் கடிந்து எழுதினார். ஒரு சொல்லுக்குக் கொண்ட பொருள் கேள்விக்கு உள்ளாக 37 ஆண்டுகள் ஆயின.

பம்பாயில் ஒரு கப்பல் நிறுவனத்தில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உயர் அதிகாரிகளுக்கு உதவியாக அமர்த்தப்பட்ட பெண்களுக்கு அங்கே நம்பிக்கைக்குரிய பெண் சுருக்கெழுத்தாளர் என்று பட்டம். ஆண் சுருக்கெழுத்தாளருக்கு அந்த அடைமொழி இல்லை; சம்பளம் மட்டும் கூடுதல். வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஒரு பெண், 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்தின்படி வேறுபாட்டுத் தொகையைக் கேட்டார். பட்டம் வேறு, ஆகவே வேலை வேறு என்றது நிறுவனம். தொழிற்சங்கத்தோடு போட்ட ஒப்பந்தப்படியே ஊதியம் தந்ததாகவும் சொன்னது. பந்தியில் பரிமாறுபவரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதாது, பக்கத்தில் நின்று தலையசைப்பவரையும் பார்க்க வேண்டும் என்பது இதிலிருந்து தெரிகிறது. நிறுவனத்தின் நிதிநிலை இடம் தராது என்ற வாதத்தையும் சேர்த்து எல்லாவற்றையும் 1987 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தள்ளியது. கைக்கு வர வேண்டியிருந்த தொகை 7,196 ரூபாயும் சில்லறையும். 1977இல் முடிந்த வேலைக்கு 1987இல் தீர்ப்பு. அந்தச் சட்டம் பின்னர் 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்புக்குள் சேர்க்கப்பட்டது. பட்டத்தை மாற்றிச் சம்பளத்தைக் குறைக்கும் கலை எந்தத் தொகுப்பிலும் அடங்காமல் வெளியே உலவுகிறது.

இதுவரை சொன்னவை, பெண் என்ற சொல் வெளிப்படையாக எழுதப்பட்ட விதிகள். இவற்றைவிடக் கடினமானவை எல்லோருக்கும் ஒன்றே என்று தொடங்கும் விதிகள். இதை அறிய ஒரு கதை உதவும். நரி கொக்கை விருந்துக்கு அழைத்துத் தட்டையான பாத்திரத்தில் வார்த்து வைத்த கதை, இங்குள்ள எல்லோரும் பள்ளிப் பாடத்திலோ பாட்டி வாயிலோ கேட்டதுதான். இந்தக் கதை அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு ஒன்றில் வருகிறது என்பது சிலருக்கு வியப்பளிக்கலாம்.

வட கரோலினா மாநிலத்தில் ஒரு மின் நிலையம். அங்கே 95 தொழிலாளர். அவர்களில் கறுப்பர் 14 பேர். கூட்டிப் பெருக்கிச் சுமக்கும் ஒரே பிரிவில்தான் அவர்களுக்கு இடம். அந்தப் பிரிவில் மிக உயர்ந்த ஊதியம், மற்றப் பிரிவுகளின் மிகத் தாழ்ந்த ஊதியத்தையும் எட்டாது. 1965 ஜூலை 2 அன்று வேலைவாய்ப்பில் நிறவேற்றுமையைத் தடுக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அன்றைய தினமே நிறுவனம் புதிய தேர்வுகளை அறிவித்தது. நல்ல பிரிவுகளில் சேர விரும்பும் எவரும் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் காட்ட வேண்டும், இரண்டு எழுத்துத் தேர்வுகளில் தேற வேண்டும். எவரும்! வெள்ளையர் கறுப்பர் என்ற பேச்சே இல்லை. ஆனால் கறுப்பர் பிள்ளைகளைத் தாழ்ந்த பள்ளிகளில் பிரித்து வைத்துப் படிப்பித்த மாநிலம் அது. நிலக்கரி கையாளும் வேலைக்கு அந்தச் சான்றிதழால் என்ன பயன் என்பதை நிறுவனத்தால் காட்ட இயலவில்லை. 13 பேர் வழக்குத் தொடுத்தார்கள். 1971இல் தலைமை நீதிபதி பர்கர், நரிக்கும் கொக்குக்கும் ஒரே விதமாகப் பால் வைப்பது சமவாய்ப்பு ஆகாது என்று அந்தக் கதையைச் சுட்டித் தீர்ப்பெழுதினார். பால் ஒன்றாக இருந்தால் போதாது, பாத்திரத்தின் வடிவத்தையும் பார்க்க வேண்டும். வஞ்சிக்கும் எண்ணம் இருந்ததா என்று முதலாளியின் நெஞ்சைத் துழாவாமல், விதியின் விளைவைப் பார்க்கும் வழக்கம் அங்கிருந்துதான் வலுப்பெற்றது.

இந்திய உச்ச நீதிமன்றம் அந்த வழியை 2021 மார்ச் 25 அன்று தெளிவாக ஏற்றது. தரைப்படையில் குறுகிய காலப் பணியில் சேர்ந்த பெண் அதிகாரிகளுக்கும் நிரந்தரப் பணி தர வேண்டும் என்று 2020இல் தீர்ப்பாகியிருந்தது. அதன்படி தேர்வு நடத்தியபோது, ஆண்களுக்கு விதித்த அதே மருத்துவத் தகுதி பெண்களுக்கும் விதிக்கப்பட்டது. கேட்பதற்கு நேர்மையாகவே இருக்கிறது. ஆனால் ஆண்கள் ஐந்தாவது அல்லது பத்தாவது பணியாண்டில், உடல் முறுக்கேறிய வயதில் அந்தத் தகுதியைக் காட்டியவர்கள். பெண்களுக்கு அந்த வயதில் வாய்ப்பே தரவில்லை. பல ஆண்டுகள் காக்க வைத்து, நாற்பதைக் கடந்த பிறகு அதே அளவுகோலை நீட்டினார்கள். மறைமுகப் பாகுபாடு என்ற கருத்தை இந்த வழக்கில் நீதிமன்றம் விரிவாக ஆராய்ந்து ஏற்றுக்கொண்டது. பாத்திரத்தின் வடிவம் என்று நரிக்கதை சொன்னதை, இங்கே காலத்தின் வடிவம் என்று கொள்ளலாம்.

இவ்வளவும் ஆங்கிலத்தில் நடந்த போராட்டம் என்பதை மறக்க இயலாது. விதி ஆங்கிலத்தில், மனு ஆங்கிலத்தில், தீர்ப்பு ஆங்கிலத்தில். முத்தம்மா ஆங்கில இலக்கியம் படித்தவர். விமானப் பணிப்பெண்களும் சுருக்கெழுத்தாளரும் ஆங்கிலத்தைத் தொழிலாகக் கொண்டவர்கள். அந்த மொழி இல்லாதவர் தம் விதியை எப்படி ஊன்றிப் படிப்பார்? 1946ஆம் ஆண்டின் நிலையாணைச் சட்டம் இதற்கு ஒரு வழி சொன்னது. ஆலையின் நிலையாணைகளை ஆங்கிலத்திலும், பெரும்பான்மைத் தொழிலாளர்க்கு விளங்கும் மொழியிலும் எழுதி, அவர்கள் நுழையும் வாயிலருகே பலகையில் ஒட்ட வேண்டும் என்றது. சட்டமே மொழிபெயர்ப்பை ஆணையிட்ட அரிய இடம் அது. விளங்கும் மொழி என்று அது சொன்னதைக் கவனிக்க வேண்டும். தமிழ் எழுத்தில் இருந்தால் போதும் என்று சொல்லவில்லை. "மேற்படி உட்பிரிவின்கண் குறிப்பிடப்பட்டாங்கு" என்று தொடங்கும் தமிழைப் பலகையில் படித்துவிட்டு எந்த நெசவாளியும் தன் உரிமையை அறிந்துகொண்டு உள்ளே போக முடியாது. நல்ல உரைநடை எழுதத் தெரிந்தவர்களுக்கு அந்தப் பலகைகளில் வேலை இருந்தது. அதை அவர்கள் கேட்கவும் இல்லை, அவர்களை எவரும் அழைக்கவும் இல்லை.

அண்மையில் தமிழ்நாட்டில் இயற்றிய ஒரு சிறு சட்டம் இவ்வகை வாசிப்புக்கு நல்ல இடம் தருகிறது. துணிக்கடையிலும் நகைக்கடையிலும் காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே விற்கும் பெண்களை இங்குள்ள எல்லோரும் பார்த்திருப்பார்கள். தீபாவளிக்குச் சேலை எடுக்கப் போகும் கவிஞர் உட்கார்ந்திருப்பார். எடுத்துப் போடுபவள் நின்றிருப்பாள். நிற்க வேண்டும் என்பது கடையில் எல்லா விற்பனையாளருக்கும் ஒன்றான விதிதான். ஆனால் மாதவிலக்கு நாளிலும் கருவுற்ற மாதங்களிலும் அந்த விதி யார் உடம்பின் மேல் விழுகிறது என்று கேட்க வேண்டியிருந்தது. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் பெண்கூட்டு என்ற அமைப்பின் பெண்கள் கழிப்பறைக்காகவும் இருக்கைக்காகவும் பல ஆண்டுகள் போராடினார்கள்; 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் தமிழகச் சட்டமன்றத்திலும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்துக்குத் திருத்தம் வந்தது.

அந்தத் திருத்தத்தின் வாக்கியம் நீளமானது. பணியாளர் அனைவருக்கும் தகுந்த இருக்கை வசதி வேண்டும் என்கிறது. வேலையின் ஊடே அமர்வதற்கு வாய்ப்பு நேரும்போது அதைப் பயன்படுத்திக்கொள்வதற்காக என்று காரணம் சொல்கிறது. இருக்கையைப் பற்றி ஐயமில்லை. அது கடைக்குள் வந்தாக வேண்டும். வாய்ப்பு நேரும்போது என்ற தொடரில்தான் அடுத்த வழக்கு காத்திருக்கிறது. வாய்ப்பு நேர்ந்துவிட்டது என்று யார் சொல்வது? முக்காலியைப் பார்த்தபடி நிற்பவளா, கல்லாவில் உட்கார்ந்திருப்பவரா, மேலே பொருத்திய கண்காணிப்புக் கேமராவின் முன் இருப்பவரா? வாக்கியம் அதைச் சொல்லாமல் முற்றுப்புள்ளி வைத்துவிட்டது.